1985-இல் மணமானவருக்கும் பங்கு உண்டு

1985-இலேயே மணமானதால் பூர்வீக நிலத்தில் உங்களுக்குப் பங்கில்லை என்று அண்ணன் சொல்வதாகக் கேட்டிருந்தீர்கள். அந்த நிலத்தில் உங்களுக்கும் அண்ணனுக்கும் சம பங்கு. 1985-இல் உங்களுக்குத் திருமணமானதோ 2001-இல் அப்பா இறந்ததோ அதைத் தடுக்காது.

அண்ணன் சொல்வது இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989-இல் செய்த திருத்தமாக இருக்கும். அதற்கு முன் மணமான பெண்களை அது ஒதுக்கியது. அதே சட்டத்தின் 2005 மத்தியத் திருத்தத்தில் அந்த வேலி இல்லை. அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

முதலில் வில்லங்கச் சான்று (நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் விவரம்) எடுங்கள். 20.12.2004-க்கு முன் பாகப்பிரிவினையோ விற்பனையோ பதிவாகியிருந்தால் இந்தத் திருத்தம் அதைத் தொடாது. பட்டா அண்ணன் பெயரில் இருப்பதைக் கண்டு கலங்காதீர்கள். அது மட்டுமே உரிமை ஆகிவிடாது.

அப்பா சுயமாக வாங்கிய நிலம் என்றால் கணக்கு வேறு, உயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை, பட்டுப்புடவையோடு சேர்த்து நீட்டப்படும், உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.