முதல் டிராக் ரேஸ்: சைலன்சரை விடுங்கள், உப்பைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 22, ஊர் தொண்டி. மூன்று வருடமாகப் பல்சர் என்எஸ்200 ஓட்டுகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் டிராக் ரேஸில் (இரண்டு வண்டிகள் நேர்கோட்டில் ஓடும் குறுந்தூரப் பந்தயம்) முதல்முறையாக இறங்க ஆசை. சைலன்சர், ஏர் ஃபில்டர், ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மூன்றையும் மாற்றிவிட்டுப் போ என்கிறார்கள் நண்பர்கள். விடியற்காலையில் தனுஷ்கோடி ரோட்டில் பழகிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: தனுஷ்கோடி ரோடு வேண்டாம் தம்பி. அதை முதலில் முடித்துவிடுவோம். 2017இல் திறந்த அந்த ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கடல். எந்த நேரத்தில் எந்தப் பக்கத்து மணல் தாரில் வந்து கிடக்கும் என்று சொல்ல முடியாது. அரிச்சல்முனையில் சூரிய உதயம் பார்க்க வேன்கள் வருவதும் நீங்கள் சொல்லும் அதே விடியற்காலையில்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவு பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மறுபடி பிடிபட்டால் ஒரு வருடம், 10,000 ரூபாய் வரை போகும். சட்டத்தை விடுங்கள், மணல் படிந்த தாரில் பழகிய கிளட்ச் கை ரப்பர் படிந்த ஓடுதளத்தில் உதவாது. பின்சக்கரம் வழுக்கிப் பழகிய கை பயந்து பயந்துதான் கிளட்சை விடும். உச்சிப்புளிப் பக்கம் போகும்போது கடற்படையின் விமான ஓடுபாதையில் பழகலாமா என்று தோன்றினால் ஒரு பெருமூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வேண்டிய பயிற்சிக்கு வேகமே தேவையில்லை. சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஆள் நடமாட்டமில்லாத, மதில் சுற்றிய தளம் ஒன்றைப் பிடியுங்கள். ஹெல்மெட்டோடு, முதல் கியரில் மட்டும், இருபது மீட்டர் போய் நின்றால் போதும். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை விரல் மனப்பாடம் செய்ய வேண்டும்.

அடுத்தது சாமான்கள். முதல் போட்டிக்கு எதையும் மாற்றாதீர்கள். கம்பெனியில் வந்தபடி உள்ள வண்டிகளுக்கு ஒரு பிரிவு, மாற்றம் செய்தவற்றுக்கு ஒரு பிரிவு என்று பிரித்துத்தான் ஓட்டுவார்கள். சத்தத்துக்கு ஆசைப்பட்டு மாட்டிய சைலன்சர் உங்களைத் தேர்ந்த கைகளோடு மோத விட்டுவிடும். எரிபொருள் அளவைச் சரிசெய்யாமல் சைலன்சரை மட்டும் மாற்றினால் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான். பின்னால் பெரிய ஸ்பிராக்கெட் போட்டால் கிளம்பும்போது இழுக்கும், உண்மை. ஆனால் கியர் சீக்கிரம் தீர்ந்து, கூடுதலாக ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் நேரம் போகும். இப்போதுள்ள வண்டி எத்தனை வினாடியில் ஓடுகிறது என்றே தெரியாதபோது எதைக் கூட்டி எதைக் குறைப்பது?

அந்தப் பணத்தை உப்புக் காற்று அரித்ததைச் சரிசெய்யச் செலவழியுங்கள். நம் கரையோர வண்டி மூன்று வருடத்தில் உள்நாட்டு வண்டியைவிடக் கிழடாகிவிடும், வெளியே பளபளப்பாக இருந்தாலும். முன் பிரேக்கின் கேலிப்பரை (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அது நகரும் ஊசிகளில் துரு ஏறியிருந்தால் பிரேக் பாதி பிடித்தபடியே இருக்கும். ஓடும்போது இழுக்கும், நிறுத்தும்போது சரியாக நிறுத்தாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் குமிழி விட்டால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். மூன்று வருடமாக மாற்றவில்லை என்றால் கண்டிப்பாக மாற்றுங்கள். வயர் இணைப்புகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள், முக்கியமாகக் கில் ஸ்விட்ச், அதாவது எஞ்சினை நிறுத்தும் பொத்தான். போட்டிக்கு முன் நடக்கும் வண்டிப் பரிசோதனையில் அதை அமுக்கிக் காட்டச் சொல்வார்கள். செயினை மண்ணெண்ணெயில் கழுவி, காய்ந்தபின் செயினுக்கான மசகு எண்ணெய் அடியுங்கள். பெட்ரோல் ஊற்றினால் கண்ணிகளில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கெடும். இறுகிப்போன கண்ணி ஒன்று இருந்தாலும் செயினையே மாற்றுங்கள். கிளட்ச் கேபிளைப் புதிதாகப் போடுங்கள். பழையதன் உள்ளே துரு இருந்தால் நீங்கள் விரலால் பழகியதெல்லாம் வீண்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற போட்டிகள் எஃப்எம்எஸ்சிஐ என்ற கூட்டமைப்பின் கீழ் நடக்கின்றன. அதன் லைசென்ஸ் பற்றி நுழைவுப் படிவத்தில் இருக்கும், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஒரே துண்டான லெதர் சூட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முகம் மூடிய ஹெல்மெட் வேண்டும். ஹெல்மெட் பட்டையில் இரட்டை டி வளையம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், ‘டிக்’ என்று மாட்டும் பூட்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. சூட்டைக் கேட்டு வாங்கலாம், ஹெல்மெட்டை இரவல் வாங்காதீர்கள்.

இனி விளக்கு மரம், அதாவது கிளம்பச் சொல்லும் விளக்குக் கம்பம். பலர் குழம்புவது இங்கேதான். கிளம்பும் கோட்டருகே தரையை ஒட்டி இரண்டு ஒளிக்கதிர்கள் போகும். முன்சக்கரம் முதல் கதிரை மறித்தால் ஒரு சிறு விளக்கு எரியும், இன்னும் ஒரு சாண் அளவுக்குக் குறைவாக நகர்ந்தால் இரண்டாவது எரியும். இரண்டாவது எரிந்த நொடியே நின்றுவிடுங்கள். அதன்பின் மஞ்சள் விளக்குகள் மூன்று அரை வினாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து பச்சை வரும். சில இடங்களில் மூன்றும் ஒன்றாக எரிந்து 0.4 வினாடியில் பச்சை வந்துவிடும். எந்த முறை என்பதைக் காலை விளக்கக் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பச்சைக்கு முன் சக்கரம் கதிரை விட்டால் சிவப்பு, அந்த ஓட்டம் போச்சு.

உங்கள் ஓட்ட நேரம் பச்சையில் தொடங்குவதில்லை, சக்கரம் கதிரை விட்டு நகரும்போதுதான் தொடங்குகிறது. ஆகவே பச்சை வந்தும் அரை வினாடி தூங்கினாலும் கையில் தரும் நேரச் சீட்டில் நல்ல நேரம் வரும், ஆனால் பக்கத்து ஆள் ஜெயித்திருப்பார். முதல் ஓட்டத்தில் பச்சையைப் பார்த்தே கிளம்புங்கள். கை பழகியபின் கடைசி மஞ்சளுக்கு விரலை விடத் தொடங்கலாம்.

கிளம்பும் இடத்தில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தால் சுற்றிப் போங்கள். சாதாரண ரோட்டு டயரில் டயர் எரித்துப் புகை விடுவதால் பெரிய லாபமில்லை, ஈரம்தான் தடப்பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு வரும். ரப்பர் படிந்து கறுத்த தடத்தின் மேல் நேராக நில்லுங்கள். வயிறு டாங்கில் படட்டும், முழங்கை மடங்கட்டும். உங்கள் எஞ்சின் அதிக இழுப்பைத் தருவது 8,000 ஆர்பிஎம் பக்கம். அதனால் 3,000இல் கிளட்சை விட்டால் வண்டி திணறி அமுங்கும். 5,000இல் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். கிளட்ச் நங்கூரக் கயிறு மாதிரி, கைக்குள் வழுக்கிக்கொண்டே போக வேண்டும், கையை விட்டுப் போகக்கூடாது. முன்சக்கரம் தூக்கினால் ஆக்சிலேட்டரை மூடாமல் கிளட்சைத் துளி உள்ளே இழுங்கள். முதல் 60 அடிதான் மொத்த ஓட்டத்தையும் தீர்மானிக்கிறது. அங்கே விட்டதை மீதித் தூரத்தில் பிடிக்க 200 சிசி எஞ்சினில் தெம்பு கிடையாது.

முழுத்தூரம் என்பது கால் மைல், அதாவது 402 மீட்டர். ஓடுதளத்தைப் பொறுத்து குறைத்தும் வைப்பார்கள். எஞ்சின் கத்தி, அதற்கு மேல் சுற்றவிடாமல் தடுக்கும் லிமிட்டரில் முட்டும்வரை காத்திருக்காமல் 9,700 பக்கம் கியரை மாற்றுங்கள். பக்கத்தில் வருபவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள், தலை திரும்பினால் வண்டியும் திரும்பும். கோட்டைத் தாண்டும்வரை குனிந்தே இருங்கள், தாண்டியதும் நிமிர்ந்து காற்றை வாங்கி, பிறகு இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடியுங்கள். அடுத்த தடத்தில் வருபவர் எங்கே என்று தெரியாமல் குறுக்கே திரும்பவே கூடாது. பெரிய விபத்துகளுக்கு அந்தத் திருப்பம் ஒன்று போதும். எஞ்சினில் ஏதோ உடைந்தது போலத் தோன்றினால் உடனே ஓரம் கட்டுங்கள். நடுத்தடத்தில் சிந்திய ஆயில் அடுத்து வருபவரை விழ வைக்கும்.

சென்னைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், குட்டி யானையில் ஏற்றுங்கள். வலைக்குப் போடும் நைலான் கயிறு வீட்டில் சும்மா கிடக்கும், ஆனால் அது இழுபடும். ராட்செட் பட்டை வாங்கி, முன் ஃபோர்க் பாதி அமுங்கும்வரை இறுக்கி, புதுக்கோட்டை தாண்டி ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். உபரி கிளட்ச் கேபிளும் லீவரும் பையில் இருக்கட்டும். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் கிளட்ச் ஆற நேரம் கொடுங்கள். ஊர் திரும்பியதும் எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். வடித்த ஆயிலில் கருகிய வாடை வந்தால் கிளட்ச் பிளேட்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.