பொதிகை மலையில் தனியாகக் குடிசை போட்டு வாழலாமா?

கேள்வி: வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் வெளியூரில். காரையாருக்கு மேலே காட்டுக்குள் குடிசை போட்டு, மிச்ச காலத்தைச் சாமியார் போலக் கழிக்க ஆசை. மலையில் ஒரு ஏக்கர் ‘அனுபவ பாத்தியம்’ (பட்டா இல்லாமல் நிலத்தை அனுபவிக்கும் உரிமை) ஆறு லட்சத்துக்கு இருக்கிறது என்கிறார் ஒரு தரகர். வாங்கலாமா?
- கல்லிடைக்குறிச்சி வாசகர்

பதில்: வாங்காதீர்கள் அண்ணாச்சி. அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

அகத்தியர் இருந்த மலைதான், மறுக்கவில்லை. ஆனால் 1988-இலிருந்து அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம். ஆராய்ச்சி, சுற்றுலா போன்ற சிலவற்றுக்குத்தான் அனுமதி உண்டு. தனிமைக்கு இல்லை.

‘இஞ்சிக்குழியிலும் மயிலாற்றிலும் காணிக்காரர்கள் இருக்கிறார்களே’ என்பீர்கள். அவர்கள் பழங்குடிகள். 2006 வன உரிமைச் சட்டம் 13.12.2005-க்கு முன்பிருந்தே காட்டில் வாழ்பவர்களுக்கானது. பழங்குடி அல்லாதவர் என்றால், அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டில் குடியிருந்து அதையே நம்பிப் பிழைத்திருக்க வேண்டும். தாத்தா மலையில் மாடு மேய்த்தார் என்பதெல்லாம் போதாது. அப்படிக் கிடைக்கும் உரிமையும் வாரிசுக்குப் போகுமே தவிர, விற்க முடியாது. ஆகவே ‘காணிக்காரரிடமே எழுதி வாங்கித் தருகிறேன்’ என்று தரகர் சொன்னாலும் செல்லாது.

இந்தத் தரகர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டு ரசீதை என் மேஜையில் கொட்டினார். எல்லாம் வரி கட்டிய ரசீது என்று சொல்லி நாலு லட்சம் வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். அத்தனையும் பி மெமோ! புறம்போக்கை ஆக்கிரமித்ததற்கு அரசு போட்ட அபராதம் அது. குற்றத்துக்குக் கட்டிய பணம் எப்படிப் பாத்தியம் ஆகும்? அவருடைய ஓய்வுப் பணம் அதோடு போயிற்று.

பத்திரம் பதிந்தாயிற்று என்றாலும் நம்ப வேண்டாம். பதிவு வேறு, உரிமை வேறு. ஒரு சர்வே எண் காட்டு எல்லைக்குள்ளா வெளியிலா என்று கேட்டால் வருவாய்த்துறை வனத்துறையைக் கை காட்டும், வனத்துறை தாலுகா ஆபீசைக் கை காட்டும். வயதானவரை எத்தனை நடைதான் நடக்க வைப்பார்கள்? இந்த இழுபறியில்தான் தரகர் பிழைக்கிறார்.

சரி, தனிமை வேண்டும், அவ்வளவுதானே? கடையம், சிவசைலம் பக்கம் மலையடிவாரத்தில் பட்டாத் தோப்பு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு வருடம் இருந்து பாருங்கள். ஐப்பசி கார்த்திகை மழையும், ராத்திரி பன்றி வரும் சத்தமும் பழகட்டும். அப்புறமும் வாங்கத் தோன்றினால், எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் கிராமக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் அந்த சர்வே எண்ணைப் பாருங்கள். ‘காடு’, ‘புறம்போக்கு’, ‘தரிசு’ என்று இருந்தால் விட்டுவிடுங்கள்.

தரகர் நீட்டிய தாள் எதிலாவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், அதன் நகலை முதலில் எனக்கு அனுப்புங்கள்.