கதைக்கத் தெரியாத பிள்ளையின்ர நோவு – நேர்ஸ் அக்காட்டக் கேளுங்கோ

பிள்ளையள் கிளினிக்கில கன காலம் நிண்டனான், தெரிஞ்சதைச் சொல்லுறன். மருந்தின்ர அளவு மட்டும் கேக்காதேங்கோ, அது டொக்டர் பிள்ளையைப் பாத்துத்தான் சொல்லோணும்.

மல்லாவி அம்மா: மகனுக்கு 14 வயசு, கதைக்கமாட்டான். ரெண்டு கிழமையா தலையைச் சுவரில அடிக்கிறான், சாப்பாட்டைத் தட்டி விடுறான். விசருக்குக் குடுக்கிற குளிசை குடுக்கச் சொல்லுகினம், குடுக்கவோ அக்கா?

தங்கச்சி, அவசரப்படாதேங்கோ. அறிவுவளர்ச்சிக் குறைபாடு வேற, மனநோய் வேற. திடீரெண்டு குணம் மாறினா முதல் உடம்பைத்தான் பாக்கோணும், வாயால சொல்லத் தெரியாத பிள்ளை நோவை இப்பிடித்தான் காட்டும். ரோச் லைற் அடிச்சு சொண்டைத் தூக்கிப் பாருங்கோ, முரசு வீங்கியிருக்கோ, சூத்தைப்பல்லு இருக்கோ, ஒரு பக்கத்தால மட்டும் சப்புறானோ எண்டு. காதைப் பிடிச்சு இழுக்கிறானோ, காதால ஊனம் வடியுதோ, மூத்திரம் பெய்யேக்க அழுறானோ, சாப்பிட்டுப் படுத்தவுடன நெளியிறானோ எண்டும் பாருங்கோ. கடைசியா எப்ப வெளிக்குப் போனவன்? இதைக் கட்டாயம் கவனியுங்கோ, ஏனெண்டா உள்ளுக்க இறுகிப்போய்க் கிடக்க அதைச் சுத்தித் தண்ணியா ஒழுகிறதும் உண்டு, சனம் அதை வயித்தோட்டம் எண்டு நினைச்சு நிப்பாட்ட மருந்து குடுத்து இன்னும் இறுக்கி விடுங்கள். எல்லாத்தையும் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கோ. "உந்தப் பிள்ளையள் உப்பிடித்தான்" எண்டு ஆரும் சொன்னா எழும்பி வராதேங்கோ, "போன மாசம் இவன் இப்பிடி இல்லை" எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லுங்கோ.

புதுக்குடியிருப்பு அப்பா: மகளுக்கு 9 வயசு, டவுன் சின்றோம். இப்ப உடம்பு வைக்குது, எந்நேரமும் நித்திரை, சோம்பல்.

சோம்பல் எண்டு பேசாதேங்கோ தம்பி. டவுன் சின்றோம் எண்ட பிறவிக் குறையுள்ள பிள்ளையளுக்கு தைரொயிட் எண்ட கழுத்துச் சுரப்பியின்ர வேலை குறையிறது சரியான சாதாரணம், வருசத்துக்கு ஒருக்கா இரத்தம் சோதிக்கோணும். கிட்டத்தட்ட பாதிப் பேர் இதயக் குறையோட பிறக்கிறவை, எக்கோ எண்ட இதய ஸ்கான் எடுக்காட்டி அதையும் கேளுங்கோ. இரவில குறட்டை விட்டு மூச்சு நிண்டு நிண்டு வருதெண்டா அதையும் சொல்லுங்கோ, பகல் நித்திரைக்கு அதுவும் காரணமா இருக்கலாம். காதும் கண்ணும் பாக்க மறக்காதேங்கோ.

ஒட்டுசுட்டான்: ஆறு மாசமா வலிப்பு வரேல்லை, குளிசையை விடலாமோ?

விடாதேங்கோ. சடாரெண்டு விட்டா நிக்காத வலிப்பு வரலாம்.

மாங்குளம் ஐயா: பிள்ளை, வலிப்பு வந்தா கையில திறப்பைக் குடுத்தா நிக்குது. என்ர கண்ணால கண்டனான்.

ஐயா, கனக்க வலிப்பு ரெண்டு மூண்டு நிமிசத்தில தானா நிக்கும். நீங்கள் திறப்புத் தேடி எடுக்க அந்த நேரம் சரியாப் போயிடும்.

ஐயா: அப்ப பரம்பரையாச் செய்தவை எல்லாரும் மடையரோ?

இல்லை ஐயா, பிள்ளை துடிக்கேக்க பெத்தவைக்கு ஏதாவது செய்யத்தான் மனம் வரும். திறப்பைக் கையில வைச்சா காயம் வராது, ஆனா அதையே பல்லுக்க குடுக்கினம் பாருங்கோ, கரண்டியையும் குடுக்கினம், பல்லு உடைஞ்சு தொண்டைக்க போகும். சரிச்சுப் படுக்க வையுங்கோ, தலைக்குக் கீழ துவாய் வையுங்கோ, மணிக்கூட்டைப் பாருங்கோ. 5 நிமிசம் தாண்டினா உடன ஆஸ்பத்திரி. வலிப்புள்ள பிள்ளையைத் தனியக் குளத்துக்கோ கட்டில்லாத கிணத்தடிக்கோ விடாதேங்கோ, எனக்கு வலிப்பை விடப் பயம் அதுதான். குளிசையையும் விடாதேங்கோ, திருப்பியும் சொல்லுறன்.

துணுக்காய்: மூளை வளர நல்ல ரொனிக் ஒண்டு சொல்லுங்கோ.

இதைக் கேக்கிற மூண்டாவது ஆள் நீங்கள். அப்பிடி ரொனிக் இல்லை, காசைக் கரியாக்காதேங்கோ. பிறக்கேக்கையே தைரொயிட் குறைஞ்ச பிள்ளைக்கு முதல் கிழமையளில மருந்து தொடங்கினா மூளையைக் காப்பாத்தலாம், அதுக்குத்தான் குதியில இரத்தம் எடுக்கிறது. மற்றவைக்குப் பேச்சுப் பயிற்சி, கைவேலைப் பயிற்சி, பள்ளிக்கூடம்.

நெடுங்கேணி: அக்காவுக்கு 42 வயசு, டவுன் சின்றோம். தானே தேத்தண்ணி போட்டவ, இப்ப சீனி எங்க எண்டு தடவுறா. மறதி வருத்தமோ?

டவுன் சின்றோம் ஆக்களுக்கு அல்சைமர் நாப்பதுகளிலயே வரலாம் தங்கச்சி, உண்மைதான். ஆனா உடன அந்தப் பேரை வைக்காதேங்கோ. தடவுறா எண்டு சொல்லுறியள், கண்ணில வெள்ளை படர்ந்திருக்கோ? காது கேக்குதோ? தைரொயிட் எப்ப பாத்தது? வீட்டில ஆரும் செத்தவையோ, ஆரும் வெளிநாடு போனவையோ? கவலையும் இப்பிடிக் காட்டும். இதெல்லாம் பாத்து முடிச்சாப் பிறகுதான் மறதி வருத்தம். முதல் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.