இங்கிலாந்தின் பென்னைன் மலைச் சாலைகளில் முதல்முறை சைக்கிள் ஓட்டப் போகிறேன். ஏற்றங்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஏற்றத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துவிட்டு வழியை முடிவு செய்யுங்கள். மான்செஸ்டர் பக்கம் குடியிருந்துகொண்டு இந்தச் சாலைகளில் ஓட்டி வருகிறவன் நான். புதிதாக வரும் நண்பர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்.

ஏற்றத்துக்குக் கணக்கு உண்டு, கியர் உண்டு. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, சாலையின் சரிவு 10 சதவீதம் என்று வையுங்கள். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல் என்றால் ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். நிமிடத்துக்கு 60 மிதி போட்டால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம் வரும். அதற்குச் சுமார் 170 வாட் போதும். பின்னால் பெரிய பல்சக்கரமே 25 பல்தான் என்றால், அதே 60 மிதிக்கு 230 வாட்டுக்கு மேல் வேண்டும். நிதானமாகப் பயிற்சி செய்யும் ஒருவரை மூச்சு வாங்கி இறங்கித் தள்ள வைப்பது பெரும்பாலும் இந்த வித்தியாசம்தான். ஆகவே கிளம்பும் முன் கடையில் பின் கேசட்டை, அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுப்பை, 34 பல் உள்ளதாக மாற்றிக்கொள்ளுங்கள். 'அதைப் போட்டால் கௌரவம் போய்விடும்' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

2014ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸின் இரண்டாம் கட்டம் யார்க்கிலிருந்து ஷெஃபீல்டுக்குப் போனது. அன்று வீரர்கள் ஏறிய ஹோம் மாஸ் 4.7 கிலோமீட்டர் நீளம், சராசரி 7 சதவீதச் சரிவு, உச்சி 524 மீட்டர். சரியான கியர் இருந்தால் நீங்களும் நானும் அதில் ஏறலாம். 1951இல் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிய நிலையத்தின் உயரமான கம்பம் உச்சியில் நிற்கிறது. அதைப் பார்த்தபடியே ஏறலாம். ஆனால் மறுபுறம் இறங்கினால் வுட்ஹெட் கணவாயின் ஏ628 சாலையில் போய்ச் சேருவீர்கள். லாரிகள் ஓயாமல் ஓடும் சாலை அது. அங்கே சைக்கிளோடு போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஹோம்ஃபர்த் பக்கமிருந்து ஏறி, உச்சியில் நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிவிடுங்கள்.

இனி காற்றுக்கு வருகிறேன். இந்த மலைகளின் மேற்பகுதி மூர், அதாவது மரமே இல்லாத மேட்டுநிலம். ஹெதர் புதர், புல், அதன் கீழே பீட் என்கிற மக்கிய கரிய சேற்றுமண். கிலோமீட்டர் கணக்கில் காற்றை மறிக்க ஒன்றுமில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே அதே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், உடல் மீதான எதிர்ப்பு நான்கு மடங்காகிவிடும். ஏற்றத்துக்கு ஒரு முடிவு உண்டு, உச்சி வந்தால் தீர்ந்தது. எதிர்காற்றில் சமதளமும் இறக்கமும்கூட ஏற்றமாகிவிடும். பக்கக்காற்று இன்னும் மோசம். கற்சுவர் ஓரமாக அமைதியாக இறங்கிக்கொண்டிருப்பீர்கள், சுவர் முடிகிற இடத்தில் காற்று வண்டியை ஒரு முழம் நகர்த்திவிடும். அப்படிப்பட்ட நாளில் உயரமான விளிம்புள்ள கார்பன் சக்கரங்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இங்கே பெரும்பாலான நாட்களில் காற்று மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோதான் வரும். அட்லாண்டிக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து, இந்த மேட்டில் முட்டி, மழையாகக் கொட்டிவிடும். நீர்த்தேக்கங்கள் இத்தனை இருப்பதற்குக் காரணமே அதுதான். மழை நிறைய, பள்ளத்தாக்குகள் குறுகல், இறங்கினால் பஞ்சாலை நகரங்கள். 19ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டருக்குக் குடிநீர் கொடுக்க ஜான் ஃப்ரெடரிக் பேட்மன் என்ற பொறியாளர் லாங்டெண்டேல் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து அணைகள் கட்டினார். 1848இல் தொடங்கிய வேலை 1877 வரை நீண்டது. பின்னர் டெர்வென்ட் பள்ளத்தாக்கில் ஹௌடன் (1912), டெர்வென்ட் (1916), லேடிபவர் என மூன்று வந்தன. லேடிபவரை 1945இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்தார். அதற்காக டெர்வென்ட், ஆஷப்டன் என்ற இரண்டு கிராமங்களைத் தண்ணீருக்குக் கொடுத்தார்கள். 2018இல் கடும் வறட்சி வந்தபோது டெர்வென்ட் கிராமத்தின் இடிபாடுகள் வெளியே தெரிந்தன. அந்தக் கரையோரம் ஓட்டும்போதெல்லாம் வீட்டை விட்டுப் போனவர்களை நினைத்துக்கொள்வேன்.

முதல் பயணத்துக்கு நான் சொல்லும் வழியும் அந்த நீருக்குத்தான் போகிறது. மான்செஸ்டரிலிருந்து ரயிலில் கிளாசப் வரை வந்து, அங்கிருந்து ஏ57 சாலையில் ஸ்னேக் கணவாய் ஏறுங்கள். உச்சி 512 மீட்டர், முந்நூறு மீட்டருக்கு மேல் உயரம் ஏற வேண்டும். மேற்குக் காற்று முதுகில் இருக்கும். உச்சி தாண்டினால் ஆஷப் ஆற்றோடு நீண்ட இறக்கம், பாதியில் மரங்கள் தொடங்கும், அதே காற்று லேடிபவர் நீர்த்தேக்கம் வரை தள்ளிக்கொண்டு வரும். ஞாயிறு விடிகாலை கிளம்புங்கள், பகலில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் விரைகிற சாலை அது. நிலச்சரிவும் உண்டு. 2022 பிப்ரவரிப் புயல்களுக்குப் பிறகு சாலையையே மூடிவிட்டார்கள். திறந்திருக்கிறதா என்று முதல்நாளே பார்த்துவிடுங்கள்.

நீர்த்தேக்கத்தைக் கடக்கும் ஆஷப்டன் பாலத்துக்குச் சற்று முன்னால் இடதுபுறம் ஃபேர்ஹோம்ஸுக்கு ஒரு சாலை பிரியும். அதைத் தவற விடாதீர்கள். ஃபேர்ஹோம்ஸுக்கு அப்பால் கிங்ஸ் ட்ரீ வரை போகும் கரைச்சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களை விடுவதில்லை, சைக்கிளுக்குத் தடையில்லை. வழியில் டெர்வென்ட் அணையைப் பார்ப்பீர்கள். 1943இல் ஜெர்மானிய அணைகளைத் தாக்கும் முன் பிரிட்டனின் 617ஆம் விமானப்படைப் பிரிவு தாழப் பறந்து பயிற்சி எடுத்த இடம். நல்ல மழைக்குப் பிறகு போனால் இரண்டு கற்கோபுரங்களுக்கு நடுவே அணையின் முழு அகலத்துக்கும் தண்ணீர் வழியும். திரும்பி வந்து பாலத்தைக் கடந்து வலதுபுறம் திரும்பினால் பாம்ஃபோர்ட் ரயில் நிலையம் இறக்கத்தில் வந்துவிடும்.

செம்மறியாடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூரில் பல இடங்களில் வேலி கிடையாது. சாலையின் ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் குட்டியும் நின்றால், நீங்கள் நெருங்கும்போது குட்டி கட்டாயம் தாயிடம் ஓடும், அதுவும் உங்கள் சக்கரத்துக்கு முன்னால். ஏப்ரல், மே மாதங்களில் இறக்கத்தில் விரல்கள் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும். ஆடுகள் தாண்டாதபடி சாலைக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள். ஈரத்தில் அவை வழுக்கும். நேர்க்கோட்டில், ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் கடந்துவிடுங்கள்.

ஜூலையிலும் காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். 500 மீட்டர் ஏறினால் வெப்பம் மூன்று டிகிரி அளவு குறையும். ஏறும்போது நனைந்த சட்டையோடு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் விரல் மரத்து பிரேக் பிடிக்க முடியாமல் போகும். இறங்கத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், குளிர் தெரிந்த பிறகு அல்ல. எப்போது போவது என்றால் ஆகஸ்ட். ஹெதர் பூத்து மேடு முழுக்க ஊதா நிறமாக இருக்கும். அதற்காகவே வேறு வேலைகளைத் தள்ளிப்போடுகிறவன் நான்.

முதல்நாள் இரவு வானிலை அறிக்கையில் மழையை விடக் காற்றின் திசையைப் பாருங்கள். கிழக்குக் காற்று என்றால் இதே வழியைத் திருப்பிப் போட்டு, பாம்ஃபோர்டில் தொடங்கி கிளாசப்பில் முடியுங்கள். காற்றின் வீச்சு மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் என்றால் கணவாயை விட்டுவிடுங்கள். பாம்ஃபோர்டில் இறங்கி, கிங்ஸ் ட்ரீ வரை கரையோரம் போய்த் திரும்பினாலே அன்றைக்குப் போதும்.