நெல்லிக்காயும் கல்லீரல் புற்றுநோயும்: மகளின் புராஜெக்ட்டுக்குப் பணம் கட்டும் முன்

எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி இறுதியாண்டு படிக்கும் மகள், நெல்லிக்காய் எக்ஸ்ட்ராக்ட் கல்லீரல் புற்றுசெல்லைக் கொல்கிறதா என்று பார்க்கப் போகிறார். இதை நம்பி வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. தலைப்பில் குறையில்லை. எந்தெந்த வேலையை அவரே செய்தார் என்பதுதான் நேர்முகத்தில் எடுபடும்.

பல மாணவர்கள் பொடியைத் தனியார் லேபுக்கு அனுப்பி, பணம் கட்டி, ரிப்போர்ட்டை வாங்கி பைண்டு செய்துவிடுகிறார்கள். "டிஎம்எஸ்ஓ எத்தனை சதவீதம்?" என்ற ஒரே கேள்வியில் அது வெளுத்துவிடும். (டிஎம்எஸ்ஓ என்பது எக்ஸ்ட்ராக்ட்டைக் கரைக்கும் கரைப்பான். செல்லுக்குப் போய்ச் சேரும்போது 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கரைப்பானே கொல்லும்.)

வேலை இதுதான். பழத்தைக் கொட்டை நீக்கி நிழலில் உலர்த்தி, பொடித்து, 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்து, 40 டிகிரிக்கு மேல் சூடேறாமல் வற்றவைக்க வேண்டும். 96 குழித் தட்டில் குழிக்கு 5,000 முதல் 10,000 ஹெப்ஜி2 செல்கள் (லேபில் வளர்க்கும் கல்லீரல் புற்றுசெல் வகை). ஒரு நாள் ஒட்டவிட்டு எக்ஸ்ட்ராக்ட் சேர்த்து, 24 அல்லது 48 மணி நேரம் கழித்து எம்டிடி (உயிருள்ள செல் ஊதாவாக்கும் மஞ்சள் சாயம்) போட்டு, 570 நானோமீட்டரில் அளவெடுப்பார்கள்.

நெல்லியில் சறுக்குவது இங்கேதான். அதிலுள்ள வைட்டமின் சி, டானின் போன்றவை செல்லே இல்லாத குழியிலும் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். செத்த செல் உயிரோடிருப்பதுபோலத் தெரியும். இன்னொரு பக்கம், நெல்லியின் கேலிக் அமிலம் செல் வளரும் திரவத்திலேயே ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அது புற்றுசெல், நல்ல செல் என்று பார்க்காது. ஆகவே செல் இல்லாத குழி, பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்த குழி, ஒப்பிட டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து சேர்த்த குழி, புற்றில்லாத செல் வகை ஒன்று, இவை தட்டில் இருக்கிறதா என்று கைடிடம் கேட்கச் சொல்லுங்கள். எம்டிடி போடும் முன் எக்ஸ்ட்ராக்ட்டைக் கழுவி எடுப்பதும் அவசியம்.

ஹெப்ஜி2 உண்மையில் சிறுவர்களுக்கு வரும் ஹெப்பட்டோபிளாஸ்டோமா வகை. பெரியவர்களின் கல்லீரல் புற்றுநோயைப் பற்றிப் பேச, அதிலிருந்து எடுத்த ஹூ7 (Huh-7) செல்லும் வேண்டும். பாதி செல்லைக் கொல்ல மி.லி.க்கு 400 மைக்ரோகிராம் தேவைப்பட்டால், அதை மருந்து என்று எழுத வேண்டாம். அப்படியே எழுதினால் நல்ல தேர்வாளர் நம்பிக்கை இழப்பார்.

சித்த, ஆயுர்வேத மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை தேடினால், எம்டிடியைவிட, எக்ஸ்ட்ராக்ட்டில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிடிஎல்சி முறை கைகொடுக்கும். தன் எக்ஸ்ட்ராக்ட்டில் கேலிக் அமிலம் எவ்வளவு என்று அவரே அளந்து பார்க்கட்டும். ஆராய்ச்சிதான் ஆசை என்றால் சிஎஸ்ஐஆர் நெட் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்க வேண்டும். 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. லக்னோ சிடிஆர்ஐ, ஜம்மு ஐஐஐஎம் என்ற இரண்டு சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களிலும் தாவர மருந்து ஆராய்ச்சி நடக்கிறது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டில் கல்லீரல் நோயாளி யாராவது இருந்தால், இந்த எக்ஸ்ட்ராக்ட்டையோ கடை மூலிகை மாத்திரையையோ மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். உடல் இளைக்க விற்கும் குடம்புளி மாத்திரையாலேயே கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள்.