பழைய மாணவரின் கோப்புகள் புதியவருக்குப் போனது எப்படி?

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடக்கும் டியூஷன் வகுப்பில் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை) நிறுவிய கணினி ஒன்று உள்ளது. மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துப் போன ஒருவரின் கணக்கை, கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு நீக்கினேன். மறுவாரம் புதிய மாணவி ஒருவருக்குக் கணக்குத் திறந்தால், பழையவரின் கோப்புறை முழுவதும் அந்த மாணவியின் பெயரில் நிற்கிறது. அவரால் திறக்கவும் முடிகிறது. நான் எந்த அனுமதியும் கொடுக்கவில்லையே?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஒரு கோப்பு யாருக்கு உரியது என்பதை லினக்ஸ் பெயரால் எழுதி வைப்பதில்லை. யூஐடி எனப்படும் எண்ணையே குறித்து வைக்கிறது. உபுண்டுவில் சாதாரணப் பயனர்களுக்கு அது 1000இல் தொடங்கும். திரையில் தெரியும் பெயர், கணக்குப் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே எழுதியிருப்பதைப் பார்த்துச் சொல்வது மட்டுமே. நீங்கள் கணக்கை நீக்கியபோது பட்டியலிலிருந்து அந்த வரி போயிற்று. கோப்புகளின்மேல் இருந்த எண், 1004 என்று வைத்துக்கொள்வோம், அப்படியே நின்றது. புதிய கணக்குக்கு ஆட்யூசர் கட்டளை காலியாக உள்ள எண்களில் சிறியதை எடுக்கும்; யூசர்ஆட் கட்டளையோ இருப்பவற்றுள் பெரிய எண்ணுக்கு அடுத்ததை எடுக்கும். போனவர் கடைசியாகச் சேர்ந்தவராக இருந்தால் இரண்டு வழியிலும் அதே 1004 வந்து விழும். லயத்தில் ஒரு குடும்பம் சாமான்களை விட்டுப் போன வீட்டிலேயே அடுத்த குடும்பத்தைக் குடிவைத்த கதைதான்.

இப்போது செய்ய வேண்டியது, பழைய கோப்புறையை ரூட் எனும் தலைமை நிர்வாகக் கணக்கின் உடைமையாக்கி, அதன் அனுமதியை 700 (உரிமையாளர் மட்டுமே திறக்கலாம்) என்று மாற்றுவது. உரிமையாளரை மாற்றும் சோன், அனுமதியை மாற்றும் சிஎச்மாட் ஆகிய இரு கட்டளைகளும் போதும். சோன் கட்டளையில் உள்ளே உள்ளவற்றையும் மாற்றும் பெரிய ஆர் குறியைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். பயனரின் சொந்தக் கோப்புறையான ஹோம் கோப்புறைக்கு வெளியே, பொதுக் கோப்புறைகளில் அவர் விட்டுப் போனவற்றைத் தேடுவதுதான் சிரமம். ஃபைண்ட் கட்டளையின் நோயூசர் தேர்வு உரிமையாளர் இல்லாத கோப்புகளைக் காட்டும். ஆனால் எண் மீண்டும் ஒருவருக்குப் போய்விட்ட பிறகு அது எதையும் காட்டாது. ஆகவே தேதி பார்த்து, புதிய கணக்குக்கு முந்திய கோப்புகளை நீங்களே பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

இனிமேல் போகிறவரின் கணக்கை உடனே நீக்காதீர்கள்; பட்டியலில் வரி இருக்கும்வரை அந்த எண் பிறருக்குப் போகாது. கணக்கைத் திருத்தும் யூசர்மாட் கட்டளையின் பெரிய எல் குறி கடவுச்சொல்லை மட்டுமே பூட்டும். எஸ்எஸ்எச் சாவி (வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல் இல்லாமல் நுழைய உதவும் கோப்பு) வைத்திருப்பவர் அப்போதும் நுழையலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சேஜ் கட்டளையில் பெரிய ஈ குறியுடன் 0 கொடுத்துக் கணக்கையே காலாவதியாக்குவதே என் பரிந்துரை.

கேள்வி: யூசர்மாட் கொண்டு பயனர் பெயரை மாற்றினேன். ஹோம் கோப்புறை மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறதே?
– இன்னொரு வாசகர், அதே ஊர்

பதில்: சிறிய எல் குறி உள்நுழையும் பெயரை மட்டுமே மாற்றும். சிறிய டி குறியுடன் புதிய பாதையையும், கூடவே சிறிய எம் குறியையும் கொடுத்தால் கோப்புறையும் உள்ளிருப்பவையும் அங்கே நகரும். அந்தப் பயனர் வெளியேறியிருக்கும் நேரத்தில், வேறொரு நிர்வாகக் கணக்கிலிருந்து செய்யுங்கள்.