சின்ன டவுன்ல ஒட்டுக்கடையில விக்கிற ஜப்பான் சாப்பாட்ட நம்பி சாப்பிடலாமா? மாடு, பன்னி சாப்பிடாதவங்க என்ன பாத்து வாங்கணும்?

தாராளமா சாப்பிடலாம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்காரி, ஈப்போவுல இருந்து வடக்க ஒரு 30 கிலோமீட்டர், முன்னாடி சுத்தியும் ரப்பர் பால்மரம், இப்ப எங்க பாத்தாலும் எண்ணெய் எடுக்குற செம்பனை. எங்க டவுன்ல ஒரு மலாய்க்காரப் பையன் சாயந்தரம் அஞ்சு மணிக்கு ஒட்டுக்கடை போடுவான், ரெண்டு அடுப்பு, நாலு மேசை, மழ வந்தா தார்ப்பாய். ரெண்டு வருஷமா வாரத்துக்கு ஒருக்கா நாங்க அங்கதான்.

மொதல்ல பேருங்கள தெரிஞ்சுக்கோங்க. முன்னாடி கியூன்னு வந்தா மாடு. கியூடொன்னா மாட்டிறைச்சி போட்ட சோறு. முன்னாடி டொன்னு வந்தா பன்னி, டொன்காட்சு மாதிரி. ஆனா பின்னாடி வர்ற டொன் வேற, அது டொன்புரிங்கிறதோட சுருக்கம், கிண்ணத்துச் சோறுன்னு அர்த்தம். ஜப்பான்காரங்களுக்கு ரெண்டும் வேற வேற சத்தம், நமக்குத் தமிழ்ல எழுதுனா ஒரே எழுத்து. குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல நான் டொன்காட்சுன்னா பன்னின்னு தமிழ்ல டைப் பண்ணி போட்டேன், அடுத்த வாரம் எங்க சித்தப்பா ஓயாகோடொன்ன வாங்கி வச்சுட்டு, இதுலயும் டொன் இருக்கேம்மான்னு கிண்ணத்த தள்ளி வச்சுட்டாரு. அது வெறும் கோழியும் முட்டையும்.

மலாய்க்காரங்க முஸ்லிம், அவங்க கடைன்னா பன்னி இருக்காது, மிரின்னு ஒரு இனிப்பு அரிசி மது ஊத்துவாங்க அதுவும் இருக்காது, ஆனா மாடு இருக்கும், அதுக்கும் கோழிக்கும் ஒரே சட்டியாவும் இருக்கலாம். சீனவங்க கடைன்னா எல்லாத்தையும் கேளுங்க. கூச்சமே படாதீங்க, "டாகிங் லெம்பு அடா கா?", அதாவது மாட்டிறைச்சி இருக்கான்னு, மலாய்ல நேரா கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. இன்னொன்னு, நெறைய பேருக்குத் தெரியாது, ஜப்பான் கறிக் குழம்பு. கோழி கறின்னுதான் போட்டிருக்கும், ஆனா அந்தக் குழம்பு கட்டியா வர்ற மசாலால செய்றது, சில கட்டியில மாட்டுக் கொழுப்பு சேத்திருப்பாங்க. அட்டைப் பெட்டிய காட்டச் சொல்லி படிச்சுப் பாத்து வாங்குங்க. சாப்பிட நம்ம குழம்பு மாதிரி நெனச்சுக்காதீங்க, வெள்ளைக்காரன் மூலமா ஜப்பானுக்குப் போன கறி அது, மாவு போட்டு கெட்டியா, இனிப்பா இருக்கும். எனக்குப் பிடிக்கல, என் பையனுக்கு உயிரு.

வெள்ளிக்கிழமை சைவம் இருக்கிறவங்க சோயாவ புளிக்க வச்சு செய்ற மீசோ சூப்ப டோஃபு சூப்புன்னு நம்பி குடிச்சிடாதீங்க, அதோட சாறு பெரும்பாலும் மீன் சாறு. சூரை மீன அவிச்சு, பொகை போட்டு, கட்டை மாதிரி காய வச்சு, இழைப்புளியில எழைச்ச சுருள் கணக்கா மெல்லிசா சீவுவாங்க, கட்சுவோபுஷின்னு பேரு. தூத்துக்குடி, இலங்கைப் பக்கம் மாசின்னு சொல்றாங்களே, அதுவும் அதே மீன்தான். தகோயாக்கிங்கிற ஆக்டபஸ் உருண்டை மேல இதத் தூவுனா சூட்டுல உசுரு வந்த மாதிரி நெளியும். சைவத்துக்கு வெள்ளரிக்கா வச்சு சுத்துன சூஷி சரிப்படும். பச்சை மீன் சூஷி மட்டும் ஐஸ் பொட்டி இல்லாத கடையில வாங்கவே வாங்காதீங்க, நம்ம ஊரு வெக்கைக்கு ஆகாது.

நான் எப்பவும் வாங்குறது ஓயாகோடொன், 8 வெள்ளி, ரிங்கிட்டத்தான் நாங்க வெள்ளின்னு சொல்வோம். ஈப்போ மால்ல இதையே வாங்குனா 20 வெள்ளிக்கு மேல, அதுக்கு மேல 10% சர்வீஸ் சார்ஜ், 6% வரி. கடைப் பையன் செய்றத பக்கத்துல நின்னு பாக்கணும். கைப்பிடி நேரா மேல நிக்கிற சின்ன சட்டி, அதுல மீன் சாறு, கிச்சாப்புங்கிற சோயா சாஸ், கொஞ்சம் சீனி, நீளமா அரிஞ்ச வெங்காயம், கோழித் தொடைக் கறி. வெந்ததும் முட்டைய முழுசா அடிக்காம, வெள்ளையும் மஞ்சளும் தனித்தனியா தெரியுற மாதிரி லேசா கலக்கி, பாதிய ஊத்துவான், கொஞ்சம் பொறுத்து மீதிய ஊத்தி மூடி போட்டு, முப்பது எண்ணுற நேரம்தான், அப்படியே சோத்து மேல சறுக்கி விடுவான். அரிசி மட்டும் ஜப்பான் அரிசி இல்ல, நம்ம ஊரு அரிசி, ஒட்டாது. 8 வெள்ளிக்கு அத நான் கேக்க மாட்டேன்.

ஓயாகோன்னா பெத்தவங்களும் பிள்ளையும்னு அர்த்தமாம், கோழியும் முட்டையும்.

வீட்டுல பெரியவங்க இருந்தா கட்டாயப்படுத்தாதீங்க, இத மனசார சொல்றேன். எங்க அம்மாவோட பெரியப்பாவ 1943ல ஜப்பான்காரங்க தோட்டத்துல இருந்து லோரியில ஏத்தி சயாம்-பர்மா ரயில் பாதை போட கொண்டு போனாங்க, திரும்பி வரவே இல்ல. அம்மா சண்டைக்கு அப்புறம் பொறந்தவங்கதான், ஆனா அந்தக் காலத்து மரவள்ளிக் கிழங்கும் ஜப்பான்காரன் அடிச்ச வாழைமர நோட்டும் பாட்டி சொல்லிச் சொல்லி அவங்க பாத்த மாதிரியே இருக்கும். ஜப்பான் சாப்பாடுன்னதும் எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. நான் ஒன்னும் சொல்லல. அஞ்சாறு மாசம் கழிச்சு ஒரு நாள் பொங்குஸ் பண்ணி, அதாவது பொட்டலம் கட்டி, கொண்டாந்தத என் பையன் பக்கத்துல உக்காந்து சாப்பிடறப்ப, "என்னய்யா அது, வெங்காய வாசம் நல்லாருக்கு"ன்னு அவன் கரண்டியில ஒரு வாய் வாங்குனாங்க. இப்ப அவங்களுக்கும் சேத்துதான் வாங்குறேன். ஆனா இன்னைக்கும் ஜப்பான் சாப்பாடுன்னு சொல்ல மாட்டாங்க, "அந்தப் பையன் கடைச் சோறு"ம்பாங்க.

போறதா இருந்தா ஏழு மணிக்கு முன்னாடி போயிடுங்க, எட்டுக்கெல்லாம் சோறு தீந்து பையன் சட்டி கழுவிட்டு இருப்பான்.